18 மீட்டர்: செப்டிக் டேங்க் விதிகளை வாசித்தல்

"இருபத்தஞ்சு வருசமாச்சுங்க. ஒருக்கா கூட எடுத்ததில்ல."

பழைய வீடு விற்கிறவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். செலவே வைக்காத பழைய அம்பாசிடரைப் பற்றிப் பேசுவது மாதிரி. புரோக்கரும் அதைத் தனியாக எடுத்துச் சொல்வார். வாங்க வந்தவரும் தலையாட்டுவார். கோயம்புத்தூருக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி என் தங்கை ஒரு சைட் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறாள். அதற்காக நாலைந்து மேஸ்திரிகளிடம் பேசினேன். "நீங்க கட்டற செப்டிக் டேங்க் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் இதே வாக்கியத்தைத்தான் உத்தரவாதமாகச் சொன்னார்கள். ரொம்பவே ரொம்பாது.

அந்த வாக்கியம் என்னை உறுத்தியது. அதனால் இரண்டு மாதமாக இதைப் பற்றிய எழுத்துகளைத் தேடி வாசித்தேன். முக்கியமாக இரண்டு. ஒன்று, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2470, 1985ல் திருத்தி வெளியிடப்பட்டது, இரண்டு பாகம். இன்னொன்று, 2014 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு உள்ளாட்சி அமைப்புகளுக்காக வெளியிட்ட செப்டேஜ் மேலாண்மை வழிகாட்டி நெறிமுறைகள். நான் பொறியாளர் இல்லை. ஒரு நாவலை எப்படி வாசிப்பேனோ அப்படித்தான் வாசித்தேன்: யாரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள், எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஆக இதை ஒரு புத்தக விமர்சனம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் கொஞ்சம் நாறும், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பெருமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செப்டிக் டேங்க் செய்கிற வேலை எளிமையானது. வந்து விழுவது அதில் ஒன்றிரண்டு நாள் தங்க வேண்டும். கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே ஏடாகக் கட்டும், நடுவில் இருக்கிற நீர் வெளியே போகும். அடியில் படிந்ததைக் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஆனால் முழுக்கத் தின்னாது. ஒரு ஆளுக்கு வருடத்துக்குத் தோராயமாக 40 முதல் 80 லிட்டர் கசடு மிஞ்சும். ஐந்து பேர் வீட்டில் வருடத்துக்கு 200 முதல் 400 லிட்டர். 25 வருடத்துக்கு, குறைந்த கணக்கிலேயே 5,000 லிட்டர். எட்டடிக்கு அஞ்சடி, தண்ணீர் நிற்கிற ஆழம் அஞ்சடி என்று தாராளமாகக் கட்டிய தொட்டியே சுமார் 5,600 லிட்டர்தான் பிடிக்கும்.

அப்படியென்றால் 25 வருடம் எடுக்காத தொட்டிக்கு என்ன அர்த்தம்? மூன்றில் ஒன்று. அடியில் காங்கிரீட் இல்லை, உள்ளே போவது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அல்லது தொட்டி கசடால் நிறைந்துவிட்டது, புதிதாக வருவது படிய இடமில்லாமல் அப்படியே அடுத்த குழிக்குப் போகிறது. அல்லது வெளிப்போக்குக் குழாய் தெருச் சாக்கடையில் திறந்திருக்கிறது. மூன்றிலுமே தொட்டி தொட்டியாக இல்லை. ரொம்பாத டேங்க் நல்ல டேங்க் அல்ல, ஓட்டை டேங்க். ரொம்புவதுதான் அதன் வேலை.

இந்த மயக்கம் நம் ஊரில் பிறந்ததில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். செப்டிக் டேங்கின் முன்னோடியைக் கட்டியவர் ழான் லூயி மூராஸ் என்ற பிரெஞ்சுக்காரர், 1860 வாக்கில். பன்னிரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த அளவு கசடு இல்லை என்று அசந்துபோனார். 1881ல் காப்புரிமை வாங்கினார். ஆங்கிலத்தில் அது எந்தப் பெயரில் பரவியது தெரியுமா? 'மூராஸ் ஆட்டோமேட்டிக் ஸ்கேவெஞ்சர்'. அதாவது தானே இயங்கும் துப்புரவாளி. பிறகு 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் அதை மேம்படுத்தி செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். மனிதனே தேவைப்படாத துப்புரவாளி என்பதுதான் இந்தப் பொருளோடு கூடவே பிறந்த கனவு. நம் சட்டத்தில் 'மேனுவல் ஸ்கேவெஞ்சர்' என்று வருகிற அதே சொல். அந்தக் கனவுக்கு இங்கே யார் விலை கொடுக்கிறார்கள் என்று பிறகு சொல்கிறேன்.

ஐ.எஸ். 2470க்கு வருவோம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எனக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. அலங்காரமே இல்லாத எழுத்து. தொட்டி ஒழுகக்கூடாது என்கிறது. கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. குறைந்தது முக்கால் மீட்டர் அகலம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குறைந்தது ஒரு மீட்டர் ஆழம், 1,000 லிட்டராவது பிடிக்க வேண்டும் என்கிறது. நீளம் அகலத்தைப் போல இரண்டிலிருந்து நான்கு மடங்கு. ஏன் நீளமாக இருக்க வேண்டும்? வந்த நீர் உடனே வெளியே ஓடிவிடாமல் நடந்து போவதற்கு. நம்மூரில் சிமெண்ட் உறை இறக்கி வட்டமாகச் செய்கிறார்களே, அதில் நடக்கவே இடமில்லை, ஒரு பக்கம் விழுந்தது மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும்.

ஆனால் உண்மையான விஷயம் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது. அதை வாசிக்கும் வரை எனக்கே ஒரு தப்பான நினைப்பு இருந்தது: செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்கிறது, வெளியே வருவது ஓரளவு நல்ல தண்ணீர் என்று. இல்லை. கரிமக் கழிவில் பாதிக்கும் மேல், பெரும்பாலும் அதற்கும் அதிகமாகவே, அப்படியே வெளியே வரும். நோய்க்கிருமிகளில் பெரும்பங்கும் வரும். பார்க்கத் தெளிவாக இருக்கும், அவ்வளவே. சுத்தம் செய்கிற வேலையை உண்மையில் செய்வது தொட்டி அல்ல, அதற்கடுத்த உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண். காற்றோட்டமுள்ள, ஈரம் நிறைந்துவிடாத மண். அதில் நீர் மெதுவாக இறங்கும்போது கிருமிகள் சிக்கிக்கொள்கின்றன, அங்கேயே செத்துப்போகின்றன. அதனால்தான் இரண்டாம் பாகம் மண்ணைப் பற்றிப் பேசுகிறது. குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்கச் சொல்கிறது. எங்கள் பகுதியில் இந்தச் சோதனையைச் செய்தவர் என்று ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. ஒரு இன்ஜினியர் மட்டும், "காலேஜ்ல படிச்சதுங்க," என்றார்.

அதே பாகத்தில்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு கொடுத்த வரி இருக்கிறது. கழிவுநீர் மண்ணில் ஊறுகிற அமைப்பு, கிணறு மாதிரியான எந்தக் குடிநீர் ஆதாரத்துக்கும் 18 மீட்டருக்குள் இருக்கக்கூடாது. மனிதர் வசிக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

என் தங்கையின் சைட் 30க்கு 40. இரண்டே முக்கால் செண்ட், 1,200 சதுர அடி. நம்மூர்களில் நடுத்தர வர்க்கத்துக்கு விற்கப்படும் மிகச் சாதாரணமான அளவு. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்தால் 50 அடி. மீட்டரில் 15.2.

மறுபடி வாசியுங்கள். சைட்டுக்குள் சாத்தியமான மிக நீண்ட தூரமே 15.2 மீட்டர். விதி கேட்பது 18. வீட்டையே கட்டாமல், ஒரு மூலையில் போர், எதிர் மூலையில் உறிஞ்சு குழி என்று இரண்டே இரண்டு ஓட்டை மட்டும் போட்டாலும் விதியை மீறியாகிவிட்டது. வீட்டிலிருந்து 6 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 20 அடி விடுவதாக இருந்தால் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு மாட்டுக்கொட்டகை கட்டலாம்.

ஆக ஒரு அரசு அமைப்பு 18 மீட்டர் என்கிறது, இன்னொரு அரசு அலுவலகம் 1,200 சதுர அடி சைட்டுகளாகப் பிரித்த லேஅவுட்டுக்கு முத்திரை குத்துகிறது. வரைபடத்தில் 'எஸ்.டி.' என்று ஒரு சின்னக் கட்டம் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டி யாரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டு தாள்களையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தவர் யாருமே இல்லையா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இதில் வாஸ்து வேறு. நான் வாஸ்துவைக் கிண்டல் செய்ய வரவில்லை, ஏனென்றால் ஐ.எஸ். 2470ஐ யாரும் பின்பற்றாத ஊரில் எல்லோரும் பின்பற்றுகிற ஒரே கட்டட விதி அதுதான். வாஸ்துப்படி போர் ஈசான்ய மூலையில், வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கில். இரண்டுக்கும் நடுவே சைட்டின் அகலம், 30 அடியோ 40 அடியோ. பரவாயில்லை, கொஞ்சமாவது தள்ளித்தானே இருக்கிறது என்று தோன்றும். ஒரு தாளில் உங்கள் சைட்டை வரையுங்கள். கிழக்குப் பக்கம் ஒட்டி அடுத்த சைட்டையும் வரையுங்கள். அவருடைய வடமேற்கு மூலை எங்கே வருகிறது? உங்கள் வடகிழக்கு மூலையைத் தொட்டுக்கொண்டு. அவருடைய செப்டிக் டேங்க்கும் உங்களுடைய போரும் ஒரே காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கம். வரிசையில் பத்து வீடும் வாஸ்துவை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இது ஒன்பது தடவை நடக்கும். எங்கள் தெருவில் நடந்துபோய் எண்ணிப் பார்த்தேன். ஒரு வரிசையில் அப்படியே இருக்கிறது.

காட்டுக்குள் தனியாக ஒரு தோட்டத்துச் சாளை இருந்தபோது வாஸ்துவும் சரி, 1985ன் விதியும் சரி, நன்றாக வேலை செய்திருக்கும். சுற்றிலும் இரண்டு ஏக்கர் சோளக்காடு இருந்தால் மண் தாங்கிக்கொள்ளும். தர விதியாவது எந்தக் குடிநீர் ஆதாரமும் என்று சொல்லி பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்கிறது, வாஸ்துவுக்கு அதுவும் கிடையாது. ஆனால் இரண்டுமே ஒவ்வொரு வீடாகத்தான் யோசிக்கின்றன. அதே சோளக்காடு 120 சைட்டாகி, 120 தொட்டியும் 120 போரும் வந்தால் அந்த மண் என்னவாகும் என்ற கேள்விக்கு வீட்டுக் கணக்கில் விடை கிடைக்காது. அது ஊர்க் கணக்கு.

எங்கள் ஊர் விஷயத்தில் இன்னொரு கொடுமை. சுண்ணாம்புப் பாறை, வெடிப்புப் பாறை உள்ள இடங்களில் உறிஞ்சு குழி முறையே பரிந்துரைக்கத்தக்கதல்ல என்கிறது இரண்டாம் பாகம். வெடிப்பு வழியாக அசுத்தம் வெகுதூரம் போய்விடும் என்று காரணமும் சொல்கிறது. கோவை வட்டாரம் கெட்டிப் பாறைப் பூமி. மேலே சில அடி மண், அதற்குக் கீழே பாறை. நாம் 800 அடி, 1,000 அடி என்று போர் போட்டு எடுக்கும் தண்ணீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் இருக்கிறது. ஆயிரம் அடி ஆழத்திலிருந்து வருகிறது, அதனால் சுத்தம் என்று நினைக்கிறோம். கேசிங் பைப் மேல்மண்ணோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே துளைக்குச் சுவர் பாறைதான். வெடிப்பு வழியாக வருவது உள்ளே வரும். கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். நைட்ரேட் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற செறிவு ஏறத்தான் செய்யும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். போர்த் தண்ணீரை டெஸ்ட்டுக்குக் கொடுக்கிறவர்கள் உப்பு எவ்வளவு, டி.டி.எஸ். எவ்வளவு என்று பார்ப்பார்கள். அடுத்த முறை நைட்ரேட் வரியையும் பாருங்கள்.

2014ன் நெறிமுறைகள் வேறு மாதிரியான எழுத்து. பாதாளச் சாக்கடை எல்லா ஊருக்கும் இப்போதைக்கு வராது, அதுவரை செப்டிக் டேங்க்தான் என்ற உண்மையை அரசே எழுத்தில் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். தொட்டிகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது, லாரிகளை முறைப்படுத்தச் சொல்கிறது, எடுத்த கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும் என்கிறது, பதிவேடு வைக்கச் சொல்கிறது. அதன் தொடர்ச்சியாக 2017ல் கருங்குழியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது, எங்கள் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்திலும் வந்தது. ஏரியிலும் ஓடையிலும் இருட்டில் கொட்டிவிட்டுப் போன லாரி இப்போது போக ஓர் இடம் இருக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

என் குறை வேறு. இந்த நெறிமுறைகளின் கதாநாயகன் லாரி. பக்கத்துக்குப் பக்கம் லாரி. ஒரு கணக்குப் போடுவோம். எங்கள் பக்கம் பெரும்பாலும் கக்கூஸ் தண்ணீர் மட்டும்தான் தொட்டிக்குப் போகும், குளியலறையும் சமையலறையும் சாக்கடைக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு 150 லிட்டர். மூன்று வருடத்தில் 1,64,000 லிட்டர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் லாரி வந்து 5,000 லிட்டர் எடுத்துப்போனால், லாரி எடுத்தது நூற்றுக்கு மூன்று. மீதி 97 உறிஞ்சு குழி வழியாக, அல்லது சாக்கடை வழியாக, ஏற்கெனவே போய்விட்டது. லாரியில் போகிற மூன்று பங்கு மிகக் கெட்டியானது, ஆபத்தானது, அதைக் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் அதைச் சரிசெய்துவிட்டால் 'செப்டிக் டேங்க் பிரச்சினை' முடிந்தது என்ற தொனி அந்த எழுத்தில் இருக்கிறது. ரோட்டில் தெரிவது கண்ணில் படுகிறது. மண்ணுக்குள் போவதற்கு நம்பர் பிளேட் இல்லை.

இதையெல்லாம் எழுதுகிற என் வீட்டில் என்ன நிலைமை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

எங்கள் வீடு 1998ல் அப்பா கட்டியது. டேங்க் கார் நிறுத்துகிற போர்ட்டிகோவுக்கு அடியில். மேலே டைல்ஸ். மூடி எங்கே என்று அம்மாவுக்கு மட்டும் தோராயமாக ஞாபகம் இருந்தது: "அந்தத் தூணுக்குப் பக்கத்துல, செருப்பு ஸ்டாண்டு இருக்கற எடம்டா." நாலு டைல்ஸை உடைத்தோம். எடுக்காத வருடங்களை எண்ணினால் இருபத்தஞ்சைத் தாண்டிவிட்டது. ஆமாம், நாங்களும் அந்த வாக்கியத்தைச் சொன்னவர்கள்தான்.

ஒரு தொட்டியைச் சோதிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். நீளமான குச்சியின் நுனியிலிருந்து நாலடிக்குப் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றி மெதுவாக அடி வரை இறக்கி, கொஞ்சம் பொறுத்து எடுத்துப் பார்த்தால் கசடு எதுவரை இருக்கிறதோ அதுவரை துணியில் கறுப்பு ஒட்டியிருக்கும். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் எடுக்க வேண்டும். குனிந்து எட்டிப் பார்க்கக்கூடாது, தீக்குச்சி கூடாது, மூடியைத் திறந்து காற்றாட விட்டுத் தள்ளி நின்று செய்ய வேண்டும். எங்களுடையதில் துணி முக்கால்வாசி கறுத்து வந்தது. வெளிப்போக்கில் இருக்க வேண்டிய டி பைப் இல்லை, எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. மேலே மிதக்கிற ஏடு வெளியே போகாமல் தடுப்பது அந்த டி பைப்தான். கடையில் வாங்கினால் சில நூறு ரூபாய். அது இல்லாததால் வருடக்கணக்காக ஏடும் கசடும் உறிஞ்சு குழிக்குப் போய், குழியின் மண்கண்கள் அடைத்து, மழைக்காலத்தில் கக்கூஸ் தண்ணீர் இறங்காமல் நின்றது. நாங்கள் அதற்கு ஆசிட் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஆசிட், தொட்டிக்குள் இருந்த பாக்டீரியாவையும் கொன்றது. பிறகு கடையில் விற்கிற பாக்டீரியா பவுடரை வாங்கிப் போட்டோம். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

லாரி வந்தது. டிரைவர் ஒருவர், கூட ஒரு பையன், இருபது வயது இருக்கலாம். ஹோஸை இறக்கி மோட்டார் போட்டார்கள். மேல் தண்ணீர் போய்விட்டது. பாதிக்குக் கீழே ஹோஸ் இழுக்கவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடியில கெட்டியா புடிச்சிருக்குதுங்ணா. எறங்கிக் கிளறி விட்டாத்தான் வரும்," என்றார். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். அவ்வளவு இயல்பாக. யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவன் வேலை அதுதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வேண்டாம் என்றேன். டிரைவர், "ரெண்டு நிமிசந்தானுங்க," என்றார். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு இரண்டு நிமிடம் தேவையில்லை. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு அந்த வாசத்தையே உணராது, வாசம் போய்விட்டது என்று நினைக்கிறபோதே மயங்கி விழுவார்கள். கெட்டியான கசடைக் கிளறும்போதுதான் அது குபீரென்று வெளியே வரும். கடைசியில் எங்கள் தோட்டத்துக் குழாயை நீட்டி, தண்ணீரைப் பீய்ச்சி, நீண்ட மூங்கிலால் மேலே நின்றே கலக்கி, இரண்டு மணிநேரம் கூடுதலாகி, இன்னொரு லோடு அடித்து முடித்தோம். 2,500 ரூபாய் ஆக வேண்டியது 5,500 ஆனது. பையன் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு டீ கேட்டான்.

அன்றைக்குத்தான் அந்த முதல் வாக்கியத்தின் மிச்சப் பாதி எனக்குப் புரிந்தது. இரண்டு மூன்று வருடத்தில் எடுத்தால் கசடு கூழ் மாதிரி இருக்கும், ஹோஸே இழுத்துவிடும். இருபத்தஞ்சு வருடம் விட்டால் களிமண்ணாக இறுகும். அப்போது ஆள் இறங்க வேண்டியிருக்கிறது. "ஒருக்கா கூட எடுத்ததில்ல" என்று நாங்கள் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு வருடமும் அந்தப் பையனை ஒரு படி கீழே இறக்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஐ.எஸ். 2470ஐ மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூடியின் அளவு: செவ்வகமென்றால் 455க்கு 610 மில்லிமீட்டர், வட்டமென்றால் 500. ஒன்றரை அடிக்கு இரண்டடி. இது என்ன அளவு? ஒரு மனிதனின் தோள் அளவு. ஹோஸ் போக நாலு அங்குலம் போதுமே. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே மேன்ஹோல். அவ்வளவு நேர்மையான அந்தப் புத்தகமும், ஒரு ஆள் எப்போதாவது இறங்குவான் என்பதைச் சொல்லாமலே அளந்து வைத்திருக்கிறது.

2013ன் சட்டம் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் அபாயகரமாகச் சுத்தம் செய்ய யாரையும் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. முதல் குற்றத்துக்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 'அபாயகரமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதுகாப்பு உபகரணம் கொடுக்காமல் இறக்கினால் அபாயகரம் என்று சட்டம் விளக்கம் தருகிறது. அப்படியென்றால் கொடுத்து இறக்கலாமா? சட்டம் சாத்த வந்த கதவை ஒரு பெயரடை திறந்து வைத்திருக்கிறது. 2014ல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அதே 2023ன் மத்திய பட்ஜெட் உரையில், எல்லா ஊர்களும் மேன்ஹோலிலிருந்து மெஷின் ஹோலுக்கு மாறும் என்று அறிவித்தார்கள். நல்ல சொல். ஆனால் துளைக்குப் பெயர் மாற்றினால் டைல்ஸுக்கு அடியில் இறுகிக் கிடப்பது இளகிவிடுமா? மெஷின் இழுக்க வேண்டுமென்றால் குறித்த வருடத்தில் எடுத்திருக்க வேண்டும், அடியும் சுவரும் ஒழுகாமல் இருக்க வேண்டும், மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதெல்லாம் பட்ஜெட்டில் வராது. மேஸ்திரி குழி தோண்டுகிற அன்றைக்குத் தீர்மானமாகிறது.

எனவே தங்கையின் சைட்டுக்குப் போனேன். குழி தோண்டி முடித்து, உறை இறக்க வேன் வந்து நின்றது.

"மேஸ்திரி, உறை வேண்டாம். நீளவாக்குல கட்டிருங்க. அடியில காங்கிரீட் போட்டு, உள்ள பூசி, நடுவுல ஒரு தடுப்புச் சுவர்."

"அடி அடைச்சா ரெண்டு மூணு வருசத்துல ரொம்பிருமே தம்பி."

"ரொம்பட்டுங்க. எடுத்துக்கறோம்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் தங்கையைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஏற்கெனவே வீட்டில் சண்டை போட்டாகிவிட்டது. கூடுதல் செலவைக் கணக்குப் போட்டுச் சொன்னார், ஒத்துக்கொண்டோம். மூடியை போர்ட்டிகோவுக்கு வெளியே, கேட் பக்கம் வைப்பதாகவும் ஒத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் கட்டி முடித்து, தண்ணீர் ரொப்பி, மறுநாள் அதே நேரத்துக்குப் போய் அளந்து பார்த்தோம். மட்டம் இறங்கவில்லை. மேஸ்திரிக்கே அதில் ஒரு சந்தோஷம்.

"சரிங்க தம்பி, இது ஆச்சு. இதுலிருந்து வெளிய வர்ற தண்ணிக்கு சோக் பிட் எங்க போடட்டும்?"

போரிலிருந்து 18 மீட்டர் தள்ளி என்றேன். டேப்பின் நுனியை போர் கேசிங்கில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தார். காம்பவுண்டு வந்தது. டேப்பைச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பதினெட்டு மீட்டரு அந்தம்மா சமையல்கட்டுக்குள்ளார போகுதுங்க," என்றார். "போயி கேட்டுப் பாக்கட்டுங்களா?"